வேலையின்மை வீதம் குறைந்தால் வியாபாரம் கூடுமா?

"நாட்டில் வேலையின்மை குறைந்துள்ளது" என்று ஒரு செய்தி வந்தால் நமது வியாபாரிகள் பலர் சந்தோஷப்படுகிறார்கள். தொழில் செய்வோர் கூடினால் காசு புழங்கும், காசு புழங்கினால் கடைக்கு ஆள் வரும் என்பது அவர்களது எண்ணம். ஆனால் அந்த வீதம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை அறியாமல், அதை மட்டும் நம்பிச் சரக்கு இறக்கினால் போட்ட முதல் முடங்கிவிடும்.

2021ஆம் ஆண்டு இலங்கையின் வேலையின்மை வீதம் 5.1 சதவீதம். 2022இல் அது 4.7 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் 2022 எப்படிப்பட்ட ஆண்டு என்பது நமக்குத் தெரியும். எண்ணெய்க்கும் கேஸுக்கும் வரிசையில் நின்றோம். பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொடும் அளவுக்குப் போனது. மாத்தளையில் எனது கடையில் ஐந்து கிலோ அரிசி வாங்கியவர்கள் ஒரு கிலோ வாங்கத் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான்.

அப்படியானால் அரசாங்கக் கணக்கு பொய்யா? இல்லை. நாம்தான் அதைச் சரியாக வாசிப்பதில்லை.

இக்கணக்கை எடுப்பது தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம். 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை அது மூன்று வகையாகப் பிரிக்கிறது. தொழில் செய்வோர், தொழில் இல்லாமல் தேடுவோர், இரண்டிலும் சேராதோர். முதல் இரு வகையினரும் சேர்ந்ததே ஊழியப்படை. அதில் தொழில் தேடுவோரின் பங்கே வேலையின்மை வீதம். தேடுவதைக் கைவிட்டவர் மூன்றாம் வகைக்குப் போய்விடுகிறார். அவர் வேலையற்றோர் கணக்கில் வரமாட்டார்.

ஒரு கற்பனைக் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 475 பேர் தொழில் செய்கிறார்கள், 25 பேர் தேடுகிறார்கள். வீதம் 5 சதவீதம். தேடுவோரில் 10 பேர் அலுத்துப்போய் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். தொழில் செய்வோரில் 5 பேர் தொழிலை இழந்து, வேறு தேடாமல் இருக்கிறார்கள். இப்போது 470 பேர் தொழில் செய்ய, 15 பேர் தேடுகிறார்கள். வீதம் 3.1 சதவீதமாக இறங்கிவிட்டது. ஆனால் சம்பளம் எடுப்போர் ஐந்து பேர் குறைந்துவிட்டார்கள்.

நாட்டிலும் இதைப் போன்றதே நடந்தது. 2019இல் 15 வயதுக்கு மேற்பட்ட 100 பேரில் 52 பேர் ஊழியப்படையில் இருந்தார்கள். 2023இல் அது 49க்கும் கீழே வந்தது. 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் தொழிலுக்காக வெளிநாடு சென்றார்கள். அவர்களும் இந்தக் கணக்கில் இல்லை. எனவே வேலையின்மை வீதத்தைப் பார்க்கும்போது ஊழியப்படைப் பங்கேற்பு வீதத்தையும் பாருங்கள். இரண்டும் ஒன்றாகக் குறைந்தால் அது நல்ல செய்தி அல்ல.

அடுத்து, "தொழில் செய்பவர்" யார் என்று பார்க்க வேண்டும். கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணித்தியாலம் கூலிக்கு வேலை செய்திருந்தாலும் அவர் தொழில் செய்பவரே. தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் வாரத்தில் ஒரே ஒரு லொறிக்கு மூட்டை ஏற்றிய நாட்டாமையும் வங்கி முகாமையாளரும் இதில் ஒன்றுதான். வீட்டாரின் மிளகுத் தோட்டத்தில் சம்பளமின்றி உதவும் பெண்ணும் தொழில் செய்பவராகவே கணிக்கப்படுகிறார். ஆகவே "இத்தனை ஆயிரம் தொழில்கள் அதிகரித்தன" என்று கேட்டால், சம்பளத் தொழிலா, நாட்கூலியா, குடும்ப உதவியா என்று விசாரியுங்கள்.

அமெரிக்காவில் தொழில் கணக்கு மாதந்தோறும் வெளிவருகிறது. அன்று டொலரும் தங்க விலையும் ஆடுவதை நகை வியாபாரிகள் அறிவார்கள். ஆனால் முதலில் சொன்ன எண் பின்னர் திருத்தப்படுவதுண்டு. 2025 ஆகஸ்டில், அதற்கு முந்திய மே, ஜூன் மாதங்களின் தொழில் அதிகரிப்பில் 2 இலட்சத்து 58 ஆயிரத்தைக் குறைத்தார்கள். முதல் எண்ணை நம்பி அவசரப்படக் கூடாது என்பதற்கு இது பாடம்.

நமது நாட்டின் கணக்கு காலாண்டுக்கு ஒரு முறை, அதுவும் சில மாதங்கள் பிந்தியே வருகிறது. அதை முந்திய காலாண்டுடன் ஒப்பிட வேண்டாம். அறுவடைக் காலமும் பண்டிகைக் காலமும் கணக்கை மாற்றிவிடும். சென்ற ஆண்டின் அதே காலாண்டுடன் ஒப்பிடுங்கள். மாத நிலவரம் வேண்டுமானால் மத்திய வங்கி வெளியிடும் கொள்வனவு முகாமையாளர் சுட்டெண்ணில் தொழில் பகுதியைப் பாருங்கள். 50க்கு மேல் என்றால் கூடுகிறது, கீழே என்றால் குறைகிறது. மாத்தளை மாவட்டத்துக்கென வரும் ஆண்டுக் கணக்கு, நாடு முழுவதற்குமான கணக்கை விடக் குறைந்த வீடுகளில் எடுக்கப்படுவதால், அதில் சிறு ஏற்ற இறக்கத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

கடைசியாக, நாட்டின் வீதம் எதுவாக இருந்தாலும் நமது கடன் கொப்பியில் பெயர் எழுதுமுன் கேட்க வேண்டியவை மூன்று. அந்த வீட்டில் எத்தனை பேர் உழைக்கிறார்கள்? வாரத்தில் எத்தனை நாள் வேலை? வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறதா? உக்குவளையில் ஒரு வீட்டில் எவரும் தொழில் செய்யாமல் இருக்கலாம். ஆனால் கட்டாரிலிருந்து மாதாமாதம் பணம் வந்தால் அவர்கள் நல்ல வாடிக்கையாளர்கள். இன்னொரு வீட்டில் மூவர் தொழில் செய்யலாம். மூவருக்கும் வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை என்றால் நமது கடன் திரும்ப நாளெடுக்கும். பத்திரிகையில் வரும் வீதம் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. இதைச் சொல்வது நாமே கேட்டறியும் விபரம்தான்.