கணினித் திரைகளும் காலச் சிக்கனமும்

முன்னுரை

இறைவன் நமக்கு இரண்டு கண்களைத் தந்திருக்கிறார். ஆயினும் அவ்விரண்டும் ஒரு நேரத்தில் ஒரு பொருளையே கூர்ந்து நோக்கும். அப்படியிருக்க, ஒரே கணினியோடு இரண்டு, மூன்று திரைகளை இணைத்து வேலை செய்வது ஏன்? அதனால் பயன் உண்டா? நமக்கு அது தேவையா? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பாட்டிமார் அறிந்த பாடம்

நம் கரிசல் பூமியில் மழை பொய்த்த காலங்களில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது தீப்பெட்டித் தொழில். கட்டை அடுக்கிய நம் பாட்டிமார் குச்சிக் குவியலையும் சட்டத்தையும் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டே உட்காருவார்கள். கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. ஒவ்வொரு பிடி குச்சிக்கும் எழுந்து போனால் அன்றைய கூலி குறைந்துவிடும்.

கணினியிலும் இதே நிலைதான். ஒரு திரையில் பல பக்கங்களைத் திறந்தால் முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும். ஒன்றைப் பார்த்து மற்றொன்றில் எழுத, மாறி மாறிச் செல்ல வேண்டும். அதற்குள் பார்த்த எண் மனத்திலிருந்து நழுவிவிடும். இரண்டும் அருகருகே இருந்தால் கண் அசைவே போதும்.

இவ்வசதி புதியதன்று. 1987-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மாக்கின்டோஷ் 2 கணினியிலேயே பல திரைகளை இணைக்க முடிந்தது. 1998-இல் வந்த விண்டோஸ் 98 இதனைச் சாதாரணக் கணினிகளுக்கும் கொண்டுவந்தது.

கயத்தாற்றுக் காற்று

பல திரைகள் இன்றியமையாத பணி ஒன்று உண்டு. அதன் தொடக்கம் நம் அருகிலேயே சுழல்கிறது. நம் ஊரிலிருந்து நெல்லை செல்லும் வழியில் கயத்தாற்றைச் சுற்றிக் காற்றாலைகளைக் காண்கிறோம். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று அவற்றைச் சுழற்றுகிறது. தமிழகக் காற்றாலைகளின் மொத்தத் திறன் இன்று 10,000 மெகாவாட்டுக்கும் அதிகம்.

ஆனால் காற்று நம் சொல் கேட்பதில்லை; திடீரென்று ஓய்ந்துவிடும். மின்சாரத்தையோ பெருமளவில் சேமித்து வைப்பது எளிதன்று. உற்பத்தியும் செலவும் கணத்துக்குக் கணம் சமமாக இருக்க வேண்டும். அப்போதுதான் மின்னோட்டத்தின் அதிர்வெண் நொடிக்கு 50 சுற்றுகளாக இருக்கும். நம் நாட்டு விதிப்படி அது 49.90-க்கும் 50.05-க்கும் இடையே நிற்க வேண்டும்.

இதனைக் கவனிப்பது சென்னையிலுள்ள மாநில மின்சுமைப் பகிர்வு மையம். இத்தகைய கட்டுப்பாட்டு அறையில் பணிபுரிவோர் அதிர்வெண், காற்றாலை உற்பத்தி, மாநிலத்தின் மின்தேவை ஆகியவற்றை ஒருசேரக் காண வேண்டும். காற்று குறைந்தால் நீர்மின், அனல்மின் நிலையங்களுக்கு உடனே சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தை மூடி மறு பக்கத்தைத் திறக்க அங்கே நேரமில்லை. ஆகவேதான் பல திரைகள்.

இணைக்கும் முறை

பயன்படாமல் கிடக்கும் பழைய திரை ஒன்றே போதும். அதன் கம்பியைக் கணினியின் விஜிஏ அல்லது எச்டிஎம்ஐ துளையில் செருக வேண்டும். பின்னர் விண்டோஸ் விசையையும் 'பி' விசையையும் சேர்த்து அழுத்தினால் நான்கு வழிகள் தோன்றும். 'நகல்' என்பது இரு திரைகளிலும் ஒரே காட்சியைத் தரும். 'நீட்டிப்பு' என்பதே நமக்குத் தேவையானது. எழுதும் பக்கத்தை நேர் எதிரிலும், பார்க்கும் பக்கத்தைச் சற்றுப் பக்கவாட்டிலும் வைக்க வேண்டும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில், ஒரு கை நீளத் தொலைவில் இருப்பது நல்லது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்திலுள்ள பொருளை 20 நொடி நோக்கிக் கண்களுக்கு ஓய்வு தர வேண்டும்.

இரண்டாம் திரை வாங்க இயலாதோர் வருந்த வேண்டியதில்லை. விண்டோஸ் விசையுடன் இடது அல்லது வலது அம்புக்குறியை அழுத்தினால் ஒரே திரை இரண்டு பாதிகளாகும். ஒரு பாதியில் பாடம், மறு பாதியில் குறிப்பு. இதற்குக் காசு செலவில்லை.

எச்சரிக்கை

ஒரு திரையில் பாடத்தையும் மறு திரையில் திரைப்படத்தையும் வைத்தால் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்றாகிவிடும். 'இவ்விரண்டையும் ஒப்பிட வேண்டுமா?' என்று முதலில் கேட்டுக்கொள்வோம். விலைச்சீட்டைப் பார்த்துக் கணக்கு எழுதவும், மூலத்தைப் பார்த்து அச்சுப்பிழை திருத்தவும் இரு திரைகள் உதவும். கட்டுரை எழுதவோ ஒரு பாடத்தை ஆழ்ந்து படிக்கவோ ஒன்றே சிறந்தது. வேலை முடிந்ததும் கூடுதல் திரையை அணைத்துவிட வேண்டும். அதுவும் 20, 30 வாட் மின்சாரம் கொள்ளும் அல்லவா?

முடிவுரை

நம்மில் பலர் நாளை கணக்கு அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் கணினியின் முன் அமரக்கூடும். அன்று பிழையின்றி விரைந்து முடிப்பவருக்கே மதிப்பு. நேரமும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த ஒரு தாலந்து. வேண்டியதை அருகே வைத்து, வேண்டாததை விலக்கி, அத்தாலந்தைப் பெருக்குவோமாக!