அம்மாவின் கை நடுக்கமும் பச்சைத் தேயிலை மாத்திரையும்

அன்புள்ள கேமரன் மலை திரிங்காப் வாசகருக்கு,

காலமெல்லாம் தோட்டத்தில் உழைத்த அம்மாவுக்குக் கை நடுங்குகிறது, நரம்பைக் காக்கும் என்று விற்கிற பச்சைத் தேயிலை மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்காதீர்கள்.

விற்பவர்கள் சொல்வது முழுப் பொய்யல்ல. தேயிலைக் கொழுந்தில் கேட்டகின்கள் என்ற வேதிப்பொருட்கள் உண்டு. அவற்றில் பேர்பெற்றது இ.ஜி.சி.ஜி. ஆய்வுக்கூடத்தில் நரம்பணுக்களையும் எலிகளையும் அது சேதத்திலிருந்து ஓரளவு காப்பாற்றியிருக்கிறது. ஆனால் கேமரன் மலை ஆலைகளில் அதிகம் தயாராவது கறுப்புத் தேயிலை. வாட்டி உருட்டிய கொழுந்து காற்றுப் பட்டுச் செம்பு நிறமாகி, பச்சை வாடை போய்த் தேயிலை மணம் வருமே, அப்போதுதான் கேட்டகின்களில் பெரும்பகுதி தியாஃப்ளேவின், தியாரூபிஜின் என்று மாறிவிடுகிறது. அதற்காகக் கறுப்புத் தேநீர் வீண் என்றில்லை. சிங்கப்பூரில் 55 வயதுக்கு மேற்பட்ட 2,501 சீனர்களை வைத்து 2008இல் வெளியான ஆய்வில், கறுப்புத் தேநீரும் ஊலோங்கும் குடித்தவர்களுக்கும் சிந்தனை, நினைவுத் திறன் குறைபாடு குறைவாகவே இருந்தது. ஆனால் தேநீர்தான் காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. உடம்பு தெம்பாக இருப்பவர்தானே கடைவரை நடந்துபோய் நாலு பேரோடு உட்கார்ந்து குடிப்பார்!

மாத்திரை வேறு கதை. ஜெர்மனியில், கை நடுக்கம் தரும் பார்க்கின்சன் நோயை ஒத்த ஒரு நரம்பு நோய் உள்ள 92 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, ஒரு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக, இ.ஜி.சி.ஜி. கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் முடிவு வந்தது. நோயின் வேகம் குறையவில்லை. சிலருக்குக் கல்லீரல்தான் கெட்டது.

போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள்: அம்மா முன்பு முதுகில் பம்பைச் சுமந்து களைக்கு மருந்தடித்தார் என்று. என்னைக் கேட்டால் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். தோட்டங்களில் அடிக்கப்பட்ட பாராகுவாட் என்ற களைக்கொல்லி எலிகளின் மூளையில் டோபமின் சுரக்கும் அணுக்களை அழிக்கிறது. அதைக் கையாண்டவர்களுக்குப் பார்க்கின்சன் கூடுதலாக வருவதாக 2011இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. மலேசியா அதற்கு 2002இல் தடை அறிவித்து, 2006இல் தளர்த்தி, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுவதுமாக நிறுத்தியது. நாடெங்கும் தோட்டங்களில் மருந்தடித்தவர்களில் நம் பெண்கள் எத்தனையோ பேர். கொழுந்தில் நரம்புக்கு மருந்து தேடுகிறவர்கள், கொழுந்து பறித்தவரின் நரம்புக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு.

எல்லாக் கை நடுக்கமும் பார்க்கின்சன் அல்ல. தைராய்டாலும் வரும், வேறு மாத்திரைகளாலும் வரும். அம்மாவைத் தானா ராத்தா மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். என்ன மருந்து அடித்தார், எத்தனை வருடம், கையுறை இருந்ததா என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அம்மா பாலில்லாத தே ஓ கேட்டால் தாராளமாகக் கொடுங்கள், சாப்பாட்டோடு மட்டும் வேண்டாம். உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஒட்டாமல் போகும். அம்மாவோடு மருந்தடித்த மற்ற அம்மாக்களிடமும் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள்.