துரோணச் சோறும் நாழிச் சோறும்

(ஞாயிறு வகுப்பில் படித்து ஆராய்வதற்குரிய பாடம்)



இவ்வாரம் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள் உடற்பருமன். தம்ம வகுப்பில் தொப்பையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கலாம். பகவன் புத்தரே இதைப் பற்றி ஓர் அரசருக்கு உபதேசித்திருக்கிறார். ஆகவே நாம் பேசுவதில் குறையொன்றுமில்லை.

1. சுத்தம் கூறும் வரலாறு

சங்யுத்த நிகாயத்தில் கோசல சங்யுத்தம் என்னும் பகுதியில் தோணபாக சுத்தம் என்று ஒன்றுளது. கோசல மன்னர் பசேநதி வேளைக்கு ஒரு துரோண அளவு அரிசிச் சோறு உண்பவர். ஒருநாள் அவர் வயிறு நிறைய உண்டு, மூச்சு வாங்க, சாவத்தி நகரில் பகவரை அணுகி வணங்கி ஒரு பக்கம் அமர்ந்தார். பகவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பட்டினி கிடக்குமாறும் பணிக்கவில்லை. விழிப்புடன் இருந்து, கிடைத்த உணவில் அளவறிந்து உண்பவனுக்கு உடல் உபாதை குறையும், மூப்பும் மெதுவாகவே வரும் என்னும் கருத்துடைய காதை ஒன்றை அருளினார்.

மன்னர் தம் பின்னே நின்ற சுதஸ்ஸனன் என்னும் இளைஞனை நோக்கி, அக்காதையை மனனம் செய்துகொண்டு தாம் உண்ணும் வேளையில் ஓதுமாறும், அதற்கு நாள்தோறும் நூறு கஹாபணம் அளிப்பதாகவும் கூறினார். இளைஞனும் அவ்வாறே செய்தான். மன்னரின் உணவு சிறிது சிறிதாகக் குறைந்து நாழி அளவில் வந்து நின்றது. பழைய அளவை வாய்ப்பாட்டில் பதினாறு நாழி கொண்டது ஒரு துரோணம். உடல் மெலிந்து இலேசான பின்னர் மன்னர் தம் அங்கங்களைக் கையால் தடவிப் பார்த்து, பகவர் தமக்கு இம்மை நலம், மறுமை நலம் ஆகிய இரண்டையும் அளித்தாரென்று மகிழ்ந்தார்.

உரையாசிரியர் இன்னொரு நுட்பத்தையும் கூறுகிறார். மன்னர் கடைசிக் கவளத்தை எடுக்கும்போது காதை ஓதப்படும். அவர் அக்கவளத்தை விட்டுவிடுவார். அதிலிருந்த பருக்கைகளைக் கணக்கிட்டு, அடுத்த வேளை உலையில் அத்தனை அரிசியைக் குறைத்துவிடுவார்கள். தட்டில் நின்றுவிடாமல் உலையிலேயே அளவு குறைந்தது என்பதைக் கவனியுங்கள். இந்நுட்பத்திற்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

2. நமக்கு இது ஏன் கடினம்?

சோற்றைக் குறை என்று ஒருவரிடம் சொல்வது எளிது. நம்மவரிடம் சொல்வது எளிதன்று. நம் பாட்டன் பாட்டியர் பண்ணையில் உழைத்தபோது கூலி நெல்லை அளந்த மரக்கால் பிறர் கையில் இருந்தது. கூழும் களியுமே அன்றாட ஆகாரம். வெள்ளைச் சோறு திருநாளிலும் சாவு வீட்டிலும் கண்ட பொருள். ஆகவே ஆலை வேலைக்கென்றும் கட்டட வேலைக்கென்றும் நகரம் வந்து, நம் வீட்டு அடுப்பில் நாமே உலை வைத்துக் குவியலாகச் சோறு பரிமாறியபோது, அது வெறும் பசியாற்றலாக இருக்கவில்லை. அது மானமாகவும் இருந்தது. விருந்தினர் இலையில் சோறு குறைந்தால் இன்றும் நமக்கு மனம் பொறுக்காது.

இம்மானத்தை நாம் இகழவில்லை. ஆயினும் காலம் மாறியிருப்பதை அறிதல் வேண்டும். ஆலையில் எட்டு மணி நேரம் நின்றும் நடந்தும் சுமந்தும் உழைத்த உடல் அச்சோற்றை எரித்துத் தீர்த்தது. இன்று ஈஜிபுராவிலிருந்து வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் வண்டி ஓட்டுகிறார்கள், வாயிற்காவலில் இரவெல்லாம் அமர்ந்திருக்கிறார்கள், கணினி முன் குனிந்திருக்கிறார்கள். கர்நாடகத்தில் 2013 இல் அன்னபாக்யத் திட்டம் தொடங்கியபின் அரிசிப் பஞ்சம் ஏழை வீட்டையும் பெரிதும் விட்டகன்றது, இது நல்லதே. ஆனால் உழைப்பு குறைய, சோற்றின் அளவு மட்டும் பாட்டன் காலத்து ஆசையின் அளவாகவே நிற்கிறது.

3. மிகுந்த சோறு உடலில் என்ன ஆகிறது?

சமைக்காத அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து. அது குடலில் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் அதைத் தசைக்கும் ஈரலுக்கும் அனுப்புகிறது. அவ்விடங்கள் நிறைந்தபின் எஞ்சியது கொழுப்பாக மாறி வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் படிகிறது. இங்ஙனம் படியும் கொழுப்பே நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் வழி திறப்பது.

இதில் நம் நாட்டாருக்கு ஒரு தனி ஆபத்துண்டு. மெலிந்து தோன்றுவோர் உடலிலும் கொழுப்பு மிகுந்திருக்கும். 2004 இல் புனே மருத்துவர் யாஜ்னிக், ஆங்கிலேய மருத்துவர் யுட்கின் ஆகிய இருவரின் படம் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்தது. உயரத்திற்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3 தான். உடற்கொழுப்போ யாஜ்னிக்குக்கு நூற்றுக்கு 21.2, யுட்கினுக்கு 9.1. ஆதலால் தராசை மட்டும் நம்பலாகாது. தையற்காரர் நாடா ஒன்று போதும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்பட்டால் விழித்துக்கொள்ள வேண்டும்.

4. இக்கால ஆராய்ச்சி கூறுவது

மாவுச்சத்தைக் குறைத்து மெலிவது புதிய முறையன்று. இலண்டனில் வில்லியம் பான்டிங் என்பவர் மருத்துவர் சொற்படி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு முதலியவற்றை விலக்கி மெலிந்து, அவ்வரலாற்றை 1863 இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார்.

நம் நாட்டு நிலையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் ஆராய்ந்தன. 2023 இல் வெளியான முடிவின்படி, பெரியவர்களில் நூற்றுக்கு 39.5 பேருக்கு வயிற்றுப் பருமன்; பத்துக் கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு. 2025 இல் வெளியான மற்றொரு முடிவு, இந்தியர் பெறும் உணவாற்றலில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தே வருகிறதென்று காட்டியது. அதிலேயே நமக்கு முக்கியமான வேறொரு செய்தியும் உண்டு. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ உண்பதனால் மட்டும் ஆபத்து குறைவதாகக் காணவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்து அவ்விடத்தில் பருப்பு, பால் முதலியவற்றின் புரதச்சத்தைச் சேர்த்தபோதே குறைந்தது.

இதனால் கன்னட நாட்டில் வாழும் நாம் ஒன்றை உணர்தல் நலம். கேழ்வரகு மிக நல்ல தானியம். நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் அரிசியினும் மிகுதி. ஆயினும் அதுவும் பெரும்பகுதி மாவுச்சத்தே. சோற்றுக் குவியலை விட்டுவிட்டுக் களியுருண்டை மூன்றை விழுங்கினால் துரோணம் நாழியாகிவிடாது.

5. வீட்டில் செய்யத்தக்கது

முதலாவது, உலையில் குறையுங்கள். வீட்டில் எத்தனை ஆழாக்கு அரிசி போடுகிறீர்களென்று இவ்வாரம் அளந்து பாருங்கள். அடுத்த வாரம் ஒரு கைப்பிடி குறையுங்கள். அதற்கடுத்த வாரம் இன்னொன்று. இது தாய்மார்களுக்கு இன்றியமையாதது. எல்லோரும் உண்டபின் பானையில் மிஞ்சிய சோற்றை வீணாக்கலாகாதென்று தம் வயிற்றில் போட்டுக்கொள்பவர்கள் அவர்களே. மிஞ்சாமல் வடித்தால் அந்தச் சுமை அவர்களுக்கில்லை.

இரண்டாவது, தட்டின் வரிசையை மாற்றுங்கள். பாதித் தட்டு காய்கறியும் கீரையும், கால் தட்டு பருப்பு, கொள்ளு, மொச்சை, தயிர், முட்டை, மீன் ஆகியவற்றுள் இயன்றது, எஞ்சிய கால் தட்டு சோறு அல்லது களி. காயையும் பருப்பையும் முதலில் உண்டு சோற்றைப் பின்னர் உண்டால் பசி விரைவில் அடங்கும். குளிர்காலத்தில் நம் சந்தையில் குவியும் அவரைக்கொட்டை ஏழைக்கும் கிட்டும் புரதச்சத்து.

மூன்றாவது, குடிக்கும் சர்க்கரையை நிறுத்துங்கள். வேளைக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரையுடன் ஐந்து முறை தேநீர் அருந்துவோர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் சர்க்கரை உட்கொள்கிறார்கள். பேக்கரி வாசலில் தேநீரோடு வரும் பன்னும் இனிப்பு ரொட்டியும் கணக்கில் தனி.

நான்காவது, சுதஸ்ஸனன் ஒருவனை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். பேரரசருக்கே நினைவூட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. நமக்கு நூறு கஹாபணம் செலவில்லை. மனைவியோ கணவனோ பிள்ளையோ போதும். இரண்டாம் முறை சோறு கேட்கும்போது, “அப்பா, பசியா, ஆசையா?” என்று பிள்ளை கேட்கட்டும். கோபியாமல் விடை சொல்லுங்கள்.

6. நடை

சங்கமணம், அதாவது விழிப்புடன் நடத்தல், நோய் குறைவதற்கும் உண்டது செரிப்பதற்கும் உதவுமென்று அங்குத்தர நிகாயம் கூறுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2020 இல் வாரத்திற்கு 150 நிமிடமாவது உடல் உழைக்க வேண்டுமென வகுத்தது. நாளொன்றுக்கு அரைமணி, வாரத்தில் ஐந்து நாள். 2017 இல் தொடங்கி ஆண்டுகள் பல நீண்ட மேம்பாலப் பணியின் புழுதியைக் கண்ட ஈஜிபுரா மக்கள் பெருஞ்சாலையில் நடக்கத் தயங்குவது இயல்பே. வாகனம் பெருகுமுன் விடியற்காலையில் உட்தெருக்களில் நடக்கலாம். உண்டபின் பத்து நிமிடம் வீட்டு வாசலிலேயே உலாவலாம்.

சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006 இல் முடிவை வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் திருத்தாதவர்களில் மூன்றாண்டில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவாளர் ஆயினர். திருத்தியவர்களில் 39 பேர். திருத்தியவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. எனினும் பயன் கிடைத்தது. தராசு முள் அசையவில்லையென்று மனம் தளர்வோர் இதை நினைவிற் கொள்க.

7. எச்சரிக்கை

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் சோற்றைத் திடீரெனக் குறைக்கலாகாது. இரத்தச் சர்க்கரை அளவுக்கு மிஞ்சித் தாழ்ந்து மயக்கம் நேரும். சிறுநீரக நோயுடையோரும் கருவுற்ற தாய்மாரும் அவ்வாறே மருத்துவர் சொற்படி நடக்க வேண்டும். முதல் வாரத்தில் குறையும் எடையில் பெரும்பகுதி நீர் மட்டுமே. அதைக் கண்டு துள்ளவும் வேண்டா, பின்னர் வேகம் தணிந்தால் சோரவும் வேண்டா. சித்தார்த்தர் உருவேலையில் பட்டினியால் எலும்புந்தோலுமாகி, அது வழியன்றெனக் கண்டு பாற்சோறு ஏற்றதை நாம் அறிவோம். பட்டினியும் பெருந்தீனியும் இரு ஓரங்கள். நடுவில் இருப்பது அளவு.

அன்று நம் சோற்றை அளந்த மரக்கால் பிறர் கையில் இருந்தது. அவ்வளவு நம்மை வாட்டியது. இன்று அளக்கும் கை நம்முடையது. வேண்டியதை உண்ணும் வசதி வந்தபின், போதுமென்று தானே சொல்லிக் கை கழுவுகிறவன் எவருக்கும் அடிமையல்லன்.

ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. பகவர் மன்னருக்குப் பட்டினியை விதிக்காதது ஏன்?
2. உலையில் குறைப்பதற்கும் தட்டில் மிச்சம் வைப்பதற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. உம் வீட்டில் கடைசியாக உண்பவர் யார்? அவர் உண்பது என்ன, எவ்வளவு?
4. உமக்குச் சுதஸ்ஸனனாக இருக்கத்தக்கவர் யார்?

அடுத்த ஞாயிறு வரும்போது ஒவ்வொருவரும் தம் வீட்டு அரிசி அளவையும் இடுப்புச் சுற்றளவையும் ஒரு தாளில் எழுதி வருக. பிறருக்குக் காட்டவேண்டுவதில்லை, மூன்று திங்கள் கழித்துத் தாமே ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

எல்லா உயிர்களும் நோயற்று வாழ்க.