முழங்காலின் பின்புறத்தை அறிவோம்

முழங்கால் வலி என்று வருவோரில் பெரும்பாலோர் மூட்டின் முன்புறத்தையே தொட்டுக் காட்டுவர். முழங்கால் சில்லு கண்ணுக்குத் தெரிகிறது, பின்புறம் தெரிவதில்லை. ஆயினும் காலுக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய்களும் முதன்மையான நரம்புகளும் பின்புறத்தின் வழியாகவே செல்கின்றன. அங்கு என்னென்ன உள்ளன என்பதை அறிந்துகொண்டால், வீட்டில் அன்பின் மிகுதியால் நேரும் மூன்று தவறுகளைத் தவிர்க்க முடியும். அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடையின் பின்புறத் தசைகள்

நாற்காலியில் அமர்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, விரல்களை முழங்காலின் பின்புறத்தில் வையுங்கள். குதிகாலைத் தரையில் அழுத்தியபடி பின்னோக்கி இழுக்க முயலுங்கள். இருபுறமும் கயிறு போன்ற தசைநாண்கள் விறைத்து எழுவதை உணர்வீர்கள். (அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் காலில் வீக்கம் உள்ளவர்களும் இதனைச் செய்ய வேண்டாம்.)

இவை ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் மூன்று தசைகளின் முடிவிடங்கள். நாம் உட்காரும்போது உடலின் எடையைத் தாங்கும் இடுப்பெலும்பின் முனையிலிருந்தே இம்மூன்றும் தொடங்குகின்றன. இரண்டு தசைகள் முழங்காலின் உட்புறமாகவும், ஒன்று வெளிப்புறமாகவும் இறங்கிக் கீழ்க்கால் எலும்புகளில் சேர்கின்றன. இடுப்பு, முழங்கால் ஆகிய இரு மூட்டுகளையும் கடந்து செல்வதால், இவை முழங்காலை மடக்குவதோடு இடுப்பைப் பின்னோக்கி நீட்டவும் உதவுகின்றன. குனிந்து கால் விரல்களைத் தொட முயலும்போது தொடையின் பின்புறம் இழுத்துப் பிடிப்பதும் இவற்றால்தான்.

முதல் தவறு: முழங்காலுக்கு அடியில் தலையணை

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் வலியால் துன்புறும் தாய்க்கு, மகளோ மகனோ முழங்காலின் அடியில் தலையணை வைத்து விடுவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். வீங்கிய மூட்டுக்குள் அழுத்தம் சற்று மடங்கிய நிலையில் குறைவாக இருப்பதால், நோயாளிக்கும் அது இதமாகவே இருக்கும். ஆனால் நாள் முழுவதும் அவ்வாறே வைத்திருந்தால், பின்புறத் தசைகளும் மூட்டின் பின்பக்க உறையும் குறுகி இறுகிவிடும். பின்னர் காலை முழுமையாக நீட்ட இயலாது.

நீட்ட இயலாமை சிறிய குறையன்று. நேராக நிமிர்ந்த முழங்கால் நிற்கும்போது தானே பூட்டிக்கொள்ளும். தசைகளுக்கு அதிக உழைப்பில்லை. மடங்கிய முழங்காலோடு நிற்பவரின் முன்தொடைத் தசையோ ஓயாமல் உழைத்துச் சோர்கிறது, நடையும் தாங்கலாகிறது. எனவே மருத்துவரோ இயன்முறை சிகிச்சையாளரோ வேறுவிதமாகக் கூறாவிட்டால், சுருட்டிய துண்டைக் குதிகாலின் அடியில் வையுங்கள். முழங்காலின் பின்புறம் தாங்கலின்றி இருக்கட்டும்.

முழங்காலின் பின்குழி

மேலே ஹாம்ஸ்ட்ரிங் தசைகளும் கீழே கெண்டைக்கால் தசையின் இரு தலைகளும் எல்லையாக அமைய, நடுவில் சாய்சதுர வடிவில் ஒரு பள்ளம் உள்ளது. கொழுப்பால் நிரம்பிய இப்பள்ளத்தில், மேலிருந்து ஆழம் நோக்கி நரம்பு, சிரை, தமனி என்ற வரிசையில் மூன்று முக்கிய உறுப்புகள் செல்கின்றன. தமனி எலும்பை ஒட்டி மிக ஆழத்தில் இருக்கிறது. ஆகவே விபத்தில் முழங்கால் மூட்டு விலகினால் அது கிழியவோ அடைபடவோ கூடும். பாதம் வெளுத்துக் குளிர்ந்திருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. ஏறத்தாழ 6 மணி நேரத்திற்குள் இரத்த ஓட்டத்தை மீட்காவிட்டால் காலை இழக்க நேரிடலாம்.

இரண்டாம் தவறு: வீங்கிய காலை உருவுதல்

பாதத்திலிருந்தும் கெண்டைக்காலிலிருந்தும் இதயத்திற்குத் திரும்பும் இரத்தத்தின் பெரும்பகுதி இக்குழியிலுள்ள சிரையின் வழியே செல்கிறது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. நீண்ட நாள் படுக்கையில் இருப்போர், அறுவை சிகிச்சை செய்துகொண்டோர், கருவுற்றோர், அண்மையில் மகப்பேறு அடைந்தோர், புற்றுநோய் உள்ளோர் ஆகியோருக்கு இச்சிரையில் இரத்தம் உறைய வாய்ப்பு மிகுதி. அப்போது ஒரு காலின் கெண்டைப் பகுதி வீங்கும், வலிக்கும், சூடாக இருக்கும்.

சுளுக்கு என்று கருதி எண்ணெய் தேய்த்து நீவினால், உறைந்த கட்டியின் ஒரு துண்டு பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைக்கக்கூடும். இது உயிருக்கே ஆபத்து.

இதே அறிகுறிகளை இன்னொரு நிலையும் காட்டும். மூட்டுத் தேய்மானம் போன்ற காரணங்களால் மிகும் மூட்டு நீர் பின்புறமாகத் தள்ளப்பட்டு, குழியின் உட்புறத்தில் நீர்க்கட்டியாகத் திரளும். 1877ஆம் ஆண்டில் இதனை விவரித்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் வில்லியம் மொரான்ட் பேக்கரின் பெயரால் இது பேக்கர் நீர்க்கட்டி எனப்படுகிறது. இது பெரும்பாலும் தீங்கற்றது. எனினும் வெடித்து நீர் கெண்டைக்காலில் இறங்கினால், இரத்த உறைவைப் போன்றே தோன்றும். கண்ணால் பார்த்தோ தொட்டோ இவ்விரண்டையும் உறுதியாக வேறுபடுத்த இயலாது. டாப்ளர் ஸ்கேன் ஊசியின்றி, வலியின்றி அதைக் கண்டறியும். அதுவரை உருவாதீர்கள்.

மூன்றாம் தவறு: வெளிப்புற அழுத்தம்

தொடையின் பின்புறத்தில் இறங்கும் சியாட்டிக் நரம்பே நம் உடலின் மிகத் தடித்த நரம்பு. அது பெரும்பாலும் பின்குழியின் மேற்பகுதியில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முழங்காலின் வெளிப்புறத்தில், சற்றுக் கீழே, மெல்லிய எலும்பின் கழுத்தைச் சுற்றி வளைந்து செல்கிறது. அங்கு தோலுக்கும் எலும்புக்கும் இடையே அதற்குப் பாதுகாப்பு மிகக் குறைவு. இறுக்கமான கட்டோ மாவுக்கட்டோ, கட்டிலின் கம்பியோ நெடுநேரம் அங்கு அழுத்தினால், பாதத்தை மேல்நோக்கித் தூக்க இயலாமல் போகும். படுத்திருப்பவரின் கால் வெளிப்புறம் சாய்ந்து கிடந்தால், மென்மையான தாங்கல் கொடுத்து நேராக வையுங்கள். புறப்பாதத்தில் மரமரப்பு தோன்றினாலோ, விரல்களை மேலே தூக்க இயலாவிட்டாலோ உடனே தெரிவியுங்கள்.

எப்போது விரைய வேண்டும்?

ஒரு காலில் மட்டும் புதிதாக வீக்கம், பாதம் வெளுத்துக் குளிர்தல், பாதத்தைத் தூக்க இயலாமை ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். வீக்கத்துடனோ வீக்கமின்றியோ திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், இருமலில் இரத்தம் ஆகியவை தோன்றினால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். காலைப் பொழுதுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

நோயாளியின் காலை நாளும் பார்ப்பவர்கள் அவரைப் பேணும் நீங்களே. அடுத்த முறை போர்வையை விலக்கும்போது முழங்காலின் முன்புறத்தோடு நில்லாமல், இரு கெண்டைக்கால்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அரை நிமிடம் எடுக்கும் அப்பார்வை, எங்கள் பரிசோதனைக்கு முன்பே ஓர் உயிரைக் காக்கக்கூடும்.