ரத்தம் போனால் மூலம்தானா?

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வரை பஸ் ஜன்னல் வழியாகச் சுவர்களைப் படித்துக்கொண்டே வந்தால், ஒரு விளம்பரம் மட்டும் விடாமல் கூடவே வரும்: மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம். அதைப் படித்தே வளர்ந்தவர்கள் நாங்கள். கொல்லைக்குப் போகும்போது ரத்தம் கண்டால், டாக்டரைப் பார்க்குமுன் நோய்க்குப் பெயர் வைத்துவிடுவோம்.

நம்பிக்கை: ரத்தம் போனால் மூலம். உடம்புச் சூடு. கருணைக்கிழங்கும் துத்திக்கீரையும் போதும்.

பெரும்பாலும் மூலமாகத்தான் இருக்கும். சிக்கலே அதுதான். மூலம் இருப்பவருக்குக் குடல் புற்றுநோய் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. என் பெரியப்பா எட்டு மாதம் கருணைக்கிழங்கு மசியல் சாப்பிட்டார். ரத்தம் நிற்கும், மறுபடி வரும். நின்ற நாளெல்லாம் கிழங்கின் கணக்கில், வந்த நாளெல்லாம் மிளகாயின் கணக்கில். கடைசியில் கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனாஸ்கோபி செய்தபோது மூலமும் இருந்தது. அதற்கு மேலே கட்டியும் இருந்தது.

மலத்தில் மறைந்த ரத்தத்தைத் தேடும் சோதனை, பொதுவாக அறிகுறி ஒன்றும் இல்லாமல் ஐம்பதைத் தொட்டவர்களுக்கானது. ரத்தத்தைக் கண்ணால் கண்டவர்கள் டாக்டரிடம் போக வேண்டியவர்கள். ஐம்பது தாண்டிய ஆணுக்குக் காரணம் தெரியாத ரத்தசோகை என்றாலும் அப்படித்தான். பெருங்குடலின் வலப்பக்கக் கட்டி வெளியே காட்டிக்கொள்ளாமல் கசியும். ஆள் வெளுத்துப்போவதுதான் முதலில் தெரியும். டானிக் வாங்கிக் குடித்தால் அந்தக் கசிவு நிற்காது.

நம்பிக்கை: டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் கேன்சர்.

பாசிட்டிவ் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கேன்சர் இருப்பதில்லை. பாலிப் எனும் சதைமொட்டு, மூலம், குடல் அழற்சி என்று பல காரணம் உண்டு. நடவு வயலில் வெறுங்காலோடு நின்ற ஊர் இது. கொக்கிப்புழு பாதத்தோல் வழியாக ஏறி, சிறுகுடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் உறிஞ்சும். குவையாக் என்ற மரத்தின் பிசினை வைத்துச் செய்யும் பழைய சோதனை ஆட்டுக்கறிக்கும் முள்ளங்கிக்கும்கூட ஏமாறும். இப்போதைய ‘ஃபிட்’ சோதனை மனித ரத்தத்தின் புரதத்தை மட்டும் தேடுகிறது. அதற்குப் பத்தியம் கிடையாது. பாலிப் கேன்சராக மாறப் பொதுவாகப் பத்து வருஷம்போல ஆகும். அதற்குள் கண்டுபிடித்தால், கொலோனாஸ்கோபி பார்க்கும்போதே வெட்டி எடுத்துவிடலாம்.

நம்பிக்கை: கொலோனாஸ்கோபியில் ஒன்றும் இல்லையென்றால், அந்தப் பாசிட்டிவ் வெறும் பொய்.

இதைத்தான் ஸ்காட்லாந்து அசைத்துப் பார்த்தது. டேசைடு பகுதியில் 2000 முதல் 2016 வரை மலத்தில் ரத்தம் தேடும் சோதனை செய்துகொண்ட சுமார் 1,34,000 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். பாசிட்டிவ் வந்தவர்கள் குடல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் எட்டு மடங்கு. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் குடல் புற்றுநோயை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், மற்ற காரணங்களால் இறக்கும் வாய்ப்பு 58 சதவீதம் கூடுதலாக இருந்தது. வயது, வறுமை, ரத்தக் கசிவுண்டாக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அப்படியே. இதயம், ரத்தக்குழாய், நுரையீரல் நோய்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. அந்தத் துளி ரத்தம் ஆளைக் கொல்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. உடம்பு முழுக்க ஓடும் ஏதோ ஓர் அழற்சி குடலில் தலைகாட்டுகிறதோ என்பது ஆய்வாளர்களின் ஊகம். குடல் சுத்தமாக இருந்தால் சந்தோஷம். அதோடு பிரஷரையும் சுகரையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்பேன்.

அவற்றைப் பார்க்க 2021 ஆகஸ்டிலிருந்து தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வாசலுக்கே வருகிறது. மலச் சோதனை வருவதில்லை. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின் கேன்சர் பட்டியலில் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றுதான். நம் நாட்டில் குடல் புற்றுநோய் வருஷத்துக்குச் சுமார் 70,000 பேருக்கு. மக்கள்தொகைக்கு அது குறைவு. எல்லாரையும் சோதித்துப் பாசிட்டிவ் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு, கொலோனாஸ்கோபிக்கு மாதக்கணக்கில் காக்க வைப்பதில் பிரயோசனமில்லை. அரசாங்கத்தின்மேல் எனக்குப் பெரிய கோபமில்லை.

நம்பிக்கை: டெஸ்ட் செய்துகொண்டால் ஆயுள் கூடும்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் 1975-ல் தொடங்கிய ஆய்வில் 46,551 பேர். பதின்மூன்று வருஷத்தில் சோதிக்காதவர்களில் ஆயிரத்துக்கு 9 பேர் குடல் புற்றுநோயால் இறந்தார்கள். வருஷாவருஷம் சோதித்தவர்களில் 6 பேர். விளம்பரத்தில் இது ‘மூன்றில் ஒரு பங்கு குறைந்தது’ என்று வரும். இரண்டும் ஒரே கணக்குதான். முப்பது வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அந்த லாபம் நிலைத்திருந்தது. ஆனால் எந்தக் காரணத்தாலானாலும் சரி, மொத்தமாக இறந்தவர்கள் இரண்டு பக்கமும் நூற்றுக்கு எழுபத்தொன்று. டெஸ்ட் ஒரு வாசலை அடைக்கிறது. எமனுக்கு வேறு வாசல்கள் உண்டு.

நம்பிக்கை: ஒரு தடவை நெகட்டிவ் வந்தால் போதும்.

கட்டி தினமும் கசியாது. ஒரு முறை ‘ஃபிட்’ செய்தால் ஐந்தில் ஒரு கேன்சர் தப்பிவிடும். ஆகவே ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களுக்கு இந்த நோய் இருந்தால் கொலோனாஸ்கோபியே தேவையா என்று டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

நம் பக்கம் இதையெல்லாம்விடப் பெரிய தடை கூச்சம். போன மாதம் எதிர்வீட்டு மாமா, மலச் சோதனைக்கான, மூடியிலேயே குச்சி வைத்த சின்ன டப்பாவை மஞ்சப்பைக்குள் போட்டு, மேலே இரண்டு கவுளி வெற்றிலையைப் பரப்பிக்கொண்டு லேபுக்குக் கிளம்பினார். தெருமுனையில் ஒருவர், “என்ன மாமா, நிச்சயதார்த்தமா?” என்றார். மாமா ஆமாம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.