மாநாட்டின் மதிப்பை எங்கே தேடுவது?

ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் நாளிதழ்களின் வணிகப் பக்கங்களைப் பெருந்தொகைகள் நிறைத்துவிடுகின்றன. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் உலகப் பொருளாதார மன்றம் கூடுகிறது. நம் மாநிலங்கள் நடத்தும் முதலீட்டாளர் மாநாடுகள் சிலவும் அம்மாதத்திலேயே அமைகின்றன. இத்தனை இலட்சம் கோடிக்கு ஒப்பந்தம் என்ற தலைப்பைக் கண்டதும், தொழிற்சாலை வரவிருப்பதாகச் சொல்லப்படும் ஊரில் மனை வாங்கச் சேமிப்பை எடுக்க எண்ணுவோர் உண்டு. அவர்களை மனத்திற்கொண்டே இதை எழுதுகிறோம்.

மேடையில் கையெழுத்தாவது பெரும்பாலும் புரிந்துணர்வு ஒப்பந்தம். அது விருப்பத்தின் பதிவு. முதலீடு செய்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக அதில் இருப்பதில்லை. குறிக்கப்படும் தொகையும் பல ஆண்டுகளுக்குரிய மதிப்பீடாகவே இருக்கும். இந்திய மாநிலமும் இந்திய நிறுவனமும் டாவோஸ்வரை சென்று கையெழுத்திடுவதும் நடக்கிறது. அதனை அந்நிய முதலீடு என்று கொள்ள இயலாது.

ஆகவே கையெழுத்துக்குப் பின் வரும் படிகளையே நாம் நோக்கவேண்டும். நிலம் ஒதுக்கப்பட்டதா? சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்ததா? கடன் அனுமதிக்கப்பட்டதா? இம்மூன்றாவது கேள்வி வங்கித்துறையினராகிய எமக்கு நெருக்கமானது. திட்டத்தின் வருவாய், கடனைத் திருப்பும் திறன், தொழில் நடத்துவோரின் சொந்தப் பங்கு ஆகியவற்றை ஆராய்ந்த பின்னரே கடன் அனுமதி கிடைக்கும். இந்திய ரிசர்வ் வங்கியின் மாத இதழில் வெளிவரும் தனியார் முதலீட்டு ஆய்வும் இவ்வாறு நிதி அனுமதிக்கப்பட்ட திட்டங்களையே அடிப்படையாகக் கொள்கிறது. பெருந்தொழில் தொடங்குவோர் மத்திய அரசிடம் தாக்கல் செய்யும் குறிப்பாணையிலும் இரு பகுதிகள் உள்ளன: முதலாவது எண்ணத்தைச் சொல்லும், இரண்டாவது உற்பத்தி தொடங்கியதைச் சொல்லும். இவ்விரண்டுக்கும் இடையே நின்றுபோகும் திட்டங்கள் உண்டு.

அதற்காக மாநாடுகளை வீண் என்று ஒதுக்கிவிடவும் இயலாது. 1987இல் போரின் விளிம்புக்குச் சென்ற கிரேக்கமும் துருக்கியும் 1988இல் டாவோஸில் பேசி இணக்க அறிக்கை வெளியிட்டன. அவ்விணக்கம் நெடுநாள் நீடிக்கவில்லை என்பது வேறு. ஏழை நாடுகளின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி கிடைக்கச் செய்யும் கவி கூட்டமைப்பு 2000ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கேதான் தொடங்கப்பெற்றது. இவை எந்த ஒப்பந்தத் தொகையிலும் அடங்காதவை.

சிறுதொழில் நடத்தும் வாடிக்கையாளர் அயல்நாட்டு மாநாட்டிற்குச் செல்வதாயின் கணக்கு இன்னும் எளிது. எந்த இறக்குமதியாளரைச் சந்திக்கப்போகிறோம் என்பதைப் புறப்படுமுன்பே எழுதிவைத்துக்கொள்ளவேண்டும். பெயர் எதுவும் தாளில் ஏறாவிட்டால் பயணச்சீட்டு வாங்காதிருப்பதே நலம். சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் பன்னாட்டு ஒத்துழைப்புத் திட்டத்தின்கீழ் தகுதியுள்ளோர்க்குச் செலவில் உதவி கிடைக்கலாம். தொழில் சங்கத்தில் விசாரிக்கலாம். திரும்பியபின், புதிய வாங்குநரின் நிதிநிலை பற்றிய அறிக்கையை வங்கி வழியாகப் பெற்று, ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகத்தின் காப்பீடும் எடுத்தபின் முதற்சரக்கை அனுப்பலாம்.