மாத்திரை தீர்க்காத பசி

கேள்வி: எடை குறைக்கும் மாத்திரையை மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கிச் சாப்பிடலாமா? மனசு சரியில்லாதபோதெல்லாம் அல்வாவைத் தேடும் பழக்கம் அதனால் நிற்குமா? – வாசகி, பாளையங்கோட்டை

பதில்: நிற்காது. மருந்துக் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஆர்லிஸ்டாட், பசியையோ மனதையோ தொடுவதில்லை. குடலில் கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் நொதியைத் தடுத்து, உண்ட கொழுப்பில் ஏறத்தாழ 30 சதவீதத்தை மலத்தோடு வெளியேற்றுகிறது. திருநெல்வேலி அல்வா என்பது கோதுமைப் பால், சர்க்கரை, நெய். மாத்திரை நெய்யில் ஒரு பங்கைத்தான் தடுக்கும். சர்க்கரை முழுதாக உடம்பில் சேரும். நெய் மிகுந்தால் எண்ணெய்க் கசிவோடு மலம் அவசரமாக வரும். வெளியூர்ப் பேருந்தில் இது பெரும்பாடு. நாளடைவில் ஏ, டி, இ, கே வைட்டமின்களும் குறையலாம். கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது; தைராய்டு மாத்திரை, வார்ஃபரின் சாப்பிடுவோர் மருத்துவரைக் கேட்டே தொட வேண்டும்.

பசியை அடக்கிய இன்னொரு எடைக்குறைப்பு மருந்தான சிபுட்ராமின், மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. 2011-ல் இந்தியா தடை செய்தது. 'மூலிகை' என்று விற்ற கேப்ஸ்யூல்களில் அதே மருந்து ஒளிந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது.

வயிற்றுப் பசி மெல்ல ஏறும்; பழைய சோறும் துவையலும் கிடைத்தால் அடங்கும். உங்களை அல்வா தேட வைக்கும் மனப்பசியோ சட்டென்று வந்து, குறிப்பிட்ட பண்டத்தையே கேட்கும். காலையில் பட்டினி கிடந்தால் மாலையில் அது கூடலாம். எப்போது, எந்த மனநிலையில் கை போகிறது என்று குறித்து வைப்பது முதல் சிகிச்சை. அளவு கைமீறினால், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். டெலி மனஸ் மனநல உதவி எண் 14416-ல் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.